பால்வாடியில் ஒரு தராசு

நாம் பால்வாடி என்று சொல்லிப் பழகிய அங்கன்வாடியை, பிள்ளைகளுக்குச் சோறு போடும் இடம் என்று மட்டுமே பலரும் நினைக்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கி, இந்த மையங்களை நடத்திவரும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் சோறு ஒரு பகுதிதான்.

அங்கே இருக்கும் எடை பார்க்கும் கருவியைக் கவனித்திருக்கிறீர்களா? என் கண்ணுக்கு அந்த மையத்தின் உயிரே அதுதான். மாதாமாதம் குழந்தையின் எடையைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. பச்சைப் பகுதியில் ஏறிக்கொண்டே போனால் நல்லது. மஞ்சளுக்கு இறங்கினால் அம்மாவை உட்காரவைத்துப் பேசுவார்கள்: என்ன ஊட்டுகிறாய், வயிற்றுப்போக்கு இருந்ததா, சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சுகிறாயா? தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். தினமும் பார்க்கும் பிள்ளை மெலிவது வீட்டாரின் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு உண்டு. தடுப்பூசி நாளை வீடு தேடி வந்து நினைவூட்டுவார்கள். பாட்டு, கதை, விளையாட்டோடு முன்பருவக் கல்வியும் நடக்கும். இத்தனையையும் தாங்குபவர்கள் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். அவர்களுக்கு நாம் தரும் மரியாதை போதாது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ இருந்தால், பக்கத்து மையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது.