சுவரில் எழுதிய காதல்: அரபுக் கவிதையும் தெருவோவியமும்

1. தடங்களை வாசித்தல்

அரபுக் காதல் கவிதை, காதலி நீங்கிப்போன இடத்தில் பிறக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் 'கஸீதா' என்னும் நெடும்பாடல்களில், பாலைவழி செல்லும் கவிஞன் அவளுடைய குலத்தார் கூடாரம் பெயர்த்துப் போன நிலத்தில் நின்றுவிடுகிறான். அங்கே எஞ்சிய தடங்களுக்கு 'அத்லால்' என்று பெயர். அக்காலக் கவிஞரான தரஃபா அவற்றைப் புறங்கையில் குத்திய பச்சையின் மங்கிய கோடுகளுக்கு ஒப்பிட்டார். மற்றொரு கவிஞரான லபீத் கல்லில் பதிந்த எழுத்துக்கு ஒப்பிட்டார். பிரிந்தவளை நினைப்பதும் தேய்ந்த எழுத்தை வாசிப்பதும் அந்தக் கவிதையில் ஒரே செயல். பிற்கால ஓவியர்கள் இக்கவிதைகளைத் தேடி வந்ததற்கான வேர் இந்த உவமைகளிலேயே இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டில் காதல் தனிப்பாடலாக வளர்ந்தது. மக்காவின் உமர் இப்னு அபீ ரபீஆ நகரத்துக் காதலைப் பாடினார். உத்ரா குலத்தின் பெயரால் வழங்கும் மற்றொரு மரபு, கைகூடாத காதலைப் பாடியது. லைலாவுக்காகப் பித்தான கைஸின் கதை அம்மரபைச் சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டுக் குர்துபாவின் (கோர்தோபா) இப்னு ஸைதூன் தம் காதலி வல்லாதாவைப் பாடினார். 20ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் நிஸார் கப்பானி (1923–1998) அன்றாடப் பேச்சுக்கு நெருங்கிய மொழியில் காதலை எழுதினார்.

2. எழுத்தின் இயல்பு

அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள். அவற்றுள் 22 இருபுறமும் இணையும். 6 எழுத்துகள் தமக்குப் பின் வருவதோடு இணையா. இணைப்புக் கோட்டை நீட்டலாம், குறுக்கலாம்; ஓர் எழுத்தை இன்னொன்றின்மேல் அடுக்கலாம். இந்த நெகிழ்வுக்கு அளவு வகுத்தவர் பக்தாதின் எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா (இறப்பு 940). நாணற்பேனாவின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அலகு. முதல் எழுத்தான அலிஃபின் உயரமும் பிற எழுத்துகளின் வளைவும் அந்தப் புள்ளிகளால் அளக்கப்பட்டன. அலகு பேனாவோடு சேர்ந்தே மாறுவதால், விரற்கடை அளவில் பொருந்தும் எழுத்து மாடி உயரத்துக்கு வளர்ந்தாலும் பொருந்துகிறது.

3. எழுத்து ஓவியமாதல்

20ஆம் நூற்றாண்டின் நடுவில் அரபு ஓவியர்கள் எழுத்தை நவீன ஓவியத்தின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டனர். இப்போக்குக்கு 'ஹுரூஃபிய்யா' என்று பெயர். 'ஹுரூஃப்' என்றால் எழுத்துகள். ஈராக்கின் மதீஹா உமர் 1949இல் வாஷிங்டனில் எழுத்துவடிவ அரூப ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஷாகிர் ஹசன் அல் சயீத் 1971இல் பக்தாதில் 'ஒரு பரிமாணம்' குழுவை உருவாக்கினார். அவரது ஓவியங்களில் விரிசல் விட்ட, கீறிய, கிறுக்கிய பழஞ்சுவர் தோன்றுகிறது; தெருச்சுவர் அரபு நவீன ஓவியத்துக்குள் நுழைந்த வாயில்களில் அது முக்கியமானது. தியா அல் அஸ்ஸாவி 1978இல், பழைய கஸீதாக்களின் தொகுப்பான 'முஅல்லகாத்' நெடும்பாடல்களைக் கொண்டு அச்சோவியத் தொகுப்பு படைத்தார்.

நஜஃபில் 1944இல் பிறந்த ஹசன் மசூதி, பக்தாதில் எழுத்துக்கலை பழகி 1969இல் பாரிஸ் சென்றார். கவிதை வரியிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்து, அகன்ற கருவியால் விரைந்த வீச்சில் அதைப் பெரிதாக எழுப்புவார்; முழு வரி கீழே சிறிய எழுத்தில் அமரும். மேலே உள்ளது கண்ணுக்கு, கீழே உள்ளது வாசிப்புக்கு. இந்த இரட்டை அமைப்பால், அரபு அறியாதவரும் அந்தச் சொல்லின் அசைவை உணர முடிகிறது.

4. தெருவுக்கு வருதல்

கவிதை தெருவை எட்டப் பாட்டு உதவியது. இப்ராஹீம் நாஜியின் 'அத்லால்' கவிதையை உம்மு குல்ஸூம் 1966இல் பாடினார். கப்பானியின் கவிதைகளை அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் பாடினார். நூலைத் திறக்காதவரும் வரிகளை அறிந்திருந்தனர். பெய்ரூத்தில் யஸான் ஹல்வானி பாடகியர் ஃபைரூஸ், ஸபாஹ் ஆகியோரின் முகங்களை எழுத்துச் சுழல்களோடு சுவரில் வரைந்தபோது, வழிப்போக்கருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

துனிசிய வேருள்ள பிரெஞ்சுக் கலைஞர் எல் ஸீட், எழுத்துக்கலையையும் கிராஃபிட்டியையும் இணைத்தார். 2014இல் துபாயில், கப்பானியின் வரிகளை இளஞ்சிவப்பு முப்பரிமாண எழுத்துகளாக்கினார்; காதல் கவிதைக்குள் நடந்துசெல்ல முடிந்தது. 2016இல் கெய்ரோவின் மன்ஷியத் நாஸர் பகுதியில், குப்பை சேகரித்துப் பிழைப்போர் வாழும் ஏறத்தாழ 50 கட்டடங்களில் ஒரே வாக்கியத்தைப் பகிர்ந்து தீட்டினார். அவ்வாக்கியம் காதல் கவிதையன்று, புனித அத்தனாசியுஸின் கூற்று. அருகிலுள்ள முகத்தம் குன்றிலிருந்து பார்த்தால்தான் துண்டுகள் கூடி முழுமை பெறும். அத்லாலின் முன் நின்ற கவிஞனைப் போலவே, பார்ப்பவரும் வாசிப்பதற்கு ஓரிடம் தேடி நிற்க வேண்டியிருக்கிறது.

5. நிலையாமை

தாளில் எழுதியது பேணப்படும். தெருவில் எழுதியது வெயிலுக்கும் வெள்ளையடிப்புக்கும் உரியது. கெய்ரோவின் முகமது மஹ்மூத் தெருவில் 2011 எகிப்திய மக்கள் எழுச்சிக்குப்பின் நிறைந்த ஓவியங்கள் 2012 செப்டம்பரில் வெள்ளையடித்து அழிக்கப்பட்டன; ஓவியர்கள் உடனே திரும்பி வந்து வரைந்தனர். லபீத்தின் பாட்டிலும் இதே காட்சி உண்டு: வெள்ளம் மண்ணை அரித்துத் தடங்களை வெளிக்காட்டுவது, மங்கிய ஏட்டைப் பேனா மீண்டும் எழுதுவது போன்றது என்கிறார். அழிவதும் மறுபடி எழுதப்படுவதும் அரபுக் காதல் கவிதை தொடக்கம் முதலே அறிந்த இயல்பு; தெருவோவியம் அதைச் சுவரில் தொடர்கிறது.