பிரட்டுக்களத்தில் ஒரு பெயர்



பதுளை நகரைவிட்டு நமுனுகுல மலையை நோக்கி ஏறினால் ஸ்பிரிங்வெளி என்னும் தோட்டப் பகுதியை அடையலாம். ஆங்கிலேயத் துரைமார் இட்ட பெயரின் பின்பாதி, அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். தமிழ்த் தொழிலாளியின் நாவில் அது 'வெளி' ஆயிற்று. வெளி என்றால் நமக்குத் திறந்த நிலம், வானம் தெரியும் இடம். மலைச்சரிவில் நின்று பார்ப்பவனுக்கு அப்பெயர் பொருந்தாமலும் இல்லை. ஊர்ப்பெயர் இவ்வாறு வாய்மாறியதால் எவருக்கும் நட்டம் நேரவில்லை. ஆட்பெயர் வாய்மாறுவதோ வேறு காரியம். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

தமிழில் மகனுடைய மகனைப் 'பேரன்' என்கிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன்; அதுவே பேரன் என மருவியது. ஒரு குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். பாட்டன் முனியாண்டி, தகப்பன் கருப்பையா, பிள்ளை மீண்டும் முனியாண்டி. இதற்கு நேர்மாறான வழக்கும் நம்மிடம் இருந்தது. மகன் பெயரால் தந்தையை அழைப்பது அது. ஆதன் தந்தை 'ஆந்தை' எனவும், பூதன் தந்தை 'பூந்தை' எனவும் வருவதைத் தொல்காப்பிய இலக்கணம் பேசுகிறது. கோப்பெருஞ்சோழனைக் காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையாரை யாவரும் அறிவர். பிசிர் என்பது ஊர். ஆதனுடைய தந்தை என்பதே ஆந்தை. அப்பெரும் புலவரின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் நாம் விழிக்கவேண்டியதுதான்.

தோட்ட லயங்களில் வழங்கும் பழைய பெயர்களைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. குப்பன், பிச்சை, மூக்கன், தவிட்டம்மாள் என்றெல்லாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா என்று நகரத்தார் நகைப்பர். அப்பெயர்களுக்குப் பின்னே ஒரு தாயின் அச்சம் இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவர். அயல்வீட்டுக்காரி ஒருத்தி அதை எடுத்துவந்து, ஒரு பிடி தவிட்டுக்குப் பெற்றவளிடமே விற்பாள். இது யாரும் விரும்பாத பிள்ளை என்று காலன் ஏமாந்து போகவேண்டும் என்பது கருத்து. மூக்குக் குத்தி மூக்கன் என்பதும் அதற்காகவே. இது தமிழர்க்கு மட்டும் உரிய மூடநம்பிக்கை என்று எண்ணவேண்டா. மங்கோலிய நாட்டில் 'நெர்குய்' என்று பெயருண்டு. 'பெயர் இல்லை' என்பது அதன் பொருள். 'எனெபிஷ்' என்றும் ஒரு பெயர். 'இவன் அல்லன்' என்று பொருள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் மனம் பனிப்புல்வெளியிலும் தேயிலை மலையிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மாரிமுத்து என்ற பெயரையும் பாருங்கள். மாரி மழை, மழையோடு நோயையும் ஆளும் தெய்வம் மாரியம்மன். அம்மை கண்ட உடலிலே எழும் கொப்புளத்தை முத்து என்பது நம்மவர் வழக்கு. அந்த முத்துக்கு அஞ்சியும் அதை வணங்கியும் இட்ட பெயர் அது. ஊவாவிலே கதிர்காமம் இருப்பதால் கதிர்வேலும் கதிரேசனும் கதிராயியும் இம்மலைகளில் மிகுதி.

அயலாரின் பெயர்களுக்குள்ளும் சற்றே எட்டிப் பார்க்கலாம். இந்நாட்டில் எங்கும் கேட்கும் பெரேரா, போர்த்துக்கேய மொழியில் ஒரு பழமரத்தின் பெயர், பேரிக்காய் மரம். சில்வா என்பது காடு. மலைநாட்டுச் சிங்களப் பெண்களின் 'மெனிக்கே' நம்முடைய 'மணி'க்கு உறவு; கொழும்பிலிருந்து பதுளைக்கு ஓடும் உடரட்ட மெனிக்கே புகைவண்டியில் ஏறியவர்கள் அந்த உறவை அறியாமலே பயணம் செய்திருப்பார்கள். முஸ்லிம்களின் அப்துல் றஹ்மான், அருளாளனின் அடியான் என்று பொருள்படும். நம்முடைய இராமதாசனும் அதே முறையில் அமைந்தவனே. கத்தோலிக்கத் தமிழர் செய்தது இன்னும் நயமானது. பவுல் என்ற பெயருக்கு இலத்தீனிலே 'சிறியவன்' என்று பொருள். அதனைச் சின்னப்பர் என்று தமிழாக்கிக் கொண்டனர். யோவான் என்பதன் எபிரேய மூலத்திற்கு 'கடவுள் அருளுடையவர்' என்று பொருள்; அவர் அருளப்பர் ஆனார். ஒலியை விட்டுப் பொருளைக் கைக்கொண்ட பெயர்கள் இவை.

இத்தனை பொருளும் நிறைந்த பெயரைத் தாங்கிய மனிதன் கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தபோது, முதலில் அவனுக்குக் கிடைத்தது எண். 1901ஆம் ஆண்டளவில் வந்த முறையின்படி, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கொண்டே அவன் வழியனுப்பப்பட்டான். தோட்டத்தை அடைந்தபின் 'செக்ரோல்' என்னும் நாட்கூலிப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறிற்று. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுத்துக் கணக்கப்பிள்ளை பதிவது அந்தப் பெயரையே. இதனால் மலையகத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத பொருளொன்று பிறந்தது. ஒரு பேர் என்றால் ஒரு நாட்கூலி. கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் 'அரைப்பேர்'. காலை முதல் மாலை வரை மலையில் நின்றவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது என்று சொல்லக் கேட்கும்போது, பெயரையே பாதியாய் வெட்டிக் கொடுத்தார்களோ என்று தோன்றும். நம் அகராதிகள் இந்தப் பொருளைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

பதிவேட்டில் பெயர் ஏறிய விதத்தையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் விவரம் நிர்வாகத்தின் வழியே பதிவாளரிடம் செல்லும் முறை நெடுங்காலம் இருந்தது. சொல்பவர் எழுத்தறியாத தாய். எழுதுபவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுபவர். கணவன் பெயரை வாயால் சொல்லலாகாது என்பது அக்காலப் பெண்களின் ஒழுக்கம். "உன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டால் அவள் நிலத்தைப் பார்ப்பாள், பக்கத்துக் காம்பிராக்காரி தான் அறிந்த செல்லப் பெயரைச் சொல்லிவிடுவாள். அதுவே பிள்ளையின் தகப்பன் பெயராகப் பதிந்துவிடுவதும் உண்டு.

அதன்பின் எழுத்து செய்யும் வேலை. சிங்கள எழுத்தில் குறிலும் நெடிலும் தமிழைப்போலவே தெளிவாக உண்டு. ஆனால் ழகரம் இல்லை, எனவே யாழினி அங்கே யாளினியாக நிற்பாள். ஆங்கில எழுத்தின் வழியே போகும் பெயர்தான் பெரிதும் கெடுகிறது. ஆறுமுகம் ஆங்கிலத்திற்குள் புகுந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது அருமுகம் ஆகிறான். ஆறு முகங்களும் போய் அரிய முகம் ஒன்று மிஞ்சுகிறது. மாரிமுத்து மரிமுத்து ஆனால், அம்மனின் பிள்ளை ஒரே எழுத்தில் தேவமாதாவின் பிள்ளையாகிவிடுகிறான். மதம் மாற்றுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது!

சிரிப்போடு போகும் காரியமாக அது இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மணமானோர்க்கு 7 ஆண்டுகள், மணமாகாதோர்க்கு 10 ஆண்டுகள். எழுத்தறியாதவரிடம் இருந்த சாட்சி என்ன? பிறப்புப் பதிவும் செக்ரோலும் போன்ற தாள்களே. ஒன்றில் லெட்சுமி, மற்றொன்றில் லெட்சுமாயி, வீட்டில் அழைப்பதோ சின்னப்பொண்ணு என்றால், மூவரும் ஒருத்தியே என்று யார் சொல்வது? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேர். நிராகரிப்புக்கு வேறு காரணங்கள் பல இருந்தன. பெயரே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் மறுக்க விரும்புகிற அதிகாரிக்குப் பெயர்ப்பிழை நல்ல துணையன்றோ!

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 975,000 பேரின் தலைவிதி பேசப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னொரு நாளுக்கு. அந்த ஒப்பந்தத்தில் எண்கள் மட்டுமே இருந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. எனினும் பெயர்த் தொல்லை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயதில், அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டப் பதிவில் ஒரு பெயருமாக நிற்கும் கிழவியை நினைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவள் தான்தானா என்பதற்கு அவள் சத்தியக் கடதாசி தேடவேண்டும்.

தகப்பன் பெயரை முதலெழுத்தாக முன்னே வைப்பது நம் முறை. ஐஸ்லாந்து மக்களும் தகப்பன் பெயரையே தாங்குகின்றனர். 'யோன்ஸ்டோட்டிர்' என்றால் யோனின் மகள். குடும்பப் பெயர் அங்கே வழக்கமன்று. தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயரின் வரிசையிலேயே அச்சிட்டனர். அவர்கள் தம் முறைக்கேற்பப் படிவத்தை அமைத்துக்கொண்டார்கள். நாமோ படிவத்தில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டவுடன் தகப்பன் பெயரைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறோம். பின்பு பள்ளியில் பிள்ளையை அப்பன் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

இப்போதைய பெற்றோர் எண்சாத்திரம் பார்த்து, பாட்டியின் வாயில் நுழையாத பெயர்களை ஆங்கிலத்தில் இரட்டை எழுத்திட்டு வைக்கின்றனர். வைப்பது அவர்கள் உரிமை. ஒவ்வொரு மிகை எழுத்தும் பிழை புகும் ஒரு வாசல் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் விவரத்தைக் கொடுக்கும்முன், பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் எழுத்தறிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பிழை இருப்பின் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். பிள்ளை பள்ளியில் சேருமுன்பே அதைச் செய்துகொள்வது நல்லது; அதன்பின் பிழையான பெயர் வரவுப் புத்தகத்துக்கும் பரீட்சைத் தாளுக்கும் ஏறிவிடும்.