வளைகோடு பொருந்தினால் போதுமா?



உயிரியல் அமைப்புகளின் கணித மாதிரிகள் குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். டெங்கு பரவல், புற்றுக்கட்டி வளர்ச்சி, இதயத்தின் மின்னோட்டம், மரபணுக்களின் வலைப்பின்னல் எனக் களம் விரிந்து கிடக்கிறது. ஆனால் பலவற்றின் முடிவும் ஒன்றாகவே இருக்கிறது: கணித்த வளைகோடு தரவுப் புள்ளிகளோடு நன்கு பொருந்துகிறது. இந்த முடிவோடு நாம் நிறைவடைந்துவிடலாமா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

நம் துறையின் மிகப் புகழ்பெற்ற வளைகோடு பம்பாயில் பிறந்தது. 1905 டிசம்பர் தொடங்கி 1906 ஜூலை வரை அந்நகரில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கை அது. உச்சத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ 900 பேர் மடிந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1927இல், எடின்பரோவில் இருந்த கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தங்கள் தொற்றுநோய்க் கோட்பாட்டை வெளியிட்டபோது இந்தத் தரவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். கெர்மாக் 1924இல், தம் 26ஆம் வயதில், ஆய்வக விபத்தொன்றில் பார்வையை முற்றிலும் இழந்தவர். சமன்பாடுகளை மனத்திலேயே நிறுத்தி உழைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

அவர்கள் வரைந்த மணி வடிவக் கோடு பம்பாய்ப் புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்தது. பாடநூல்கள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டன; இன்றும் வகுப்பறைகளில் அது காட்டப்படுகிறது. ஆனால் பிளேக், மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றிப் பம்பாயைச் சூறையாடவில்லை. எலிகளிடையே பரவி, எலித்தெள்ளின் வழியே மனிதரை எட்டியது. அதே ஆண்டுகளில் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆய்வுக் குழுவே இதை நிறுவியிருந்தது. அதோடு, 1896இல் நகரில் நுழைந்த நோய் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பருவத்தில் எழுந்து, வெயில் ஏறியதும் அடங்கியது. நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் குறைந்துபோனதால்தான் கோடு இறங்கியது என்று கெர்மாக், மெக்கென்ட்ரிக் சமன்பாடு சொல்கிறது. ஆண்டுதோறும் நிகழ்ந்த ஏற்ற இறக்கத்துக்கு அந்த விளக்கம் போதாது. பருவகாலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்தப் பொருத்தம் தரும் அளபுருக்கள் நடைமுறைக்கு ஒவ்வாதவை ஆகின்றன என்பதை 2012இல் நிக்கோலா பக்காயெர் என்ற கணிதவியலர் விரிவாக எடுத்துக்காட்டினார்.

மூல ஆசிரியர்கள் இருவரும் இதை அறியாதவர்கள் அல்லர். எலியையும் தெள்ளையும் குறிப்பிட்டு, தாங்கள் வைத்த எடுகோள்கள் எதுவும் முழுமையாகப் பொருந்துவதல்ல என்றும், இந்தப் பொருத்தத்திலிருந்து மாறிலிகளின் உண்மை மதிப்புகளைக் கணித்துவிடக் கூடாது என்றும் அதே கட்டுரையில் எழுதிவைத்தார்கள். படத்தை எடுத்துக்கொண்ட நாம் எச்சரிக்கையை விட்டுவிட்டோம். தொற்று பரவ ஒரு வாசல் அளவு உண்டு, அதற்குக் கீழே அது தானே அடங்கும் என்ற அவர்களது கோட்பாடு மாபெரும் சாதனை. அதற்குப் பம்பாய்க் கோட்டின் சான்று தேவையே இல்லை.

தவறான காரணத்துக்காகவும் ஒரு கோடு பொருந்தலாம் என்றால், மாதிரியை எப்படி நம்புவது? நரம்புத் துடிப்பை ஆராய்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் காட்டிய வழியை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கணவாயின் பருத்த நரம்பிழையில் சவ்வின் மின்னழுத்தத்தை ஒரே நிலையில் பிடித்துவைத்து, சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஓட்டத்தை அளந்தார்கள். அந்த அளவீடுகளிலிருந்து சமன்பாடுகளை அமைத்தார்கள். பிறகு, பிடித்துவைக்காத நரம்பில் துடிப்பு எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று அதே சமன்பாடுகளைக் கேட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. விடை வினாடிக்கு 18.8 மீட்டர், அளந்தபோது 21.2 மீட்டர். இந்த வேகத்துக்கு ஏற்ப எந்த அளபுருவையும் அவர்கள் திருத்தவில்லை. அந்தக் கணக்கு பொய்த்துப்போயிருக்கலாம். பொய்க்க இடம் கொடுத்ததால்தான் அதன் வெற்றிக்கு மதிப்பு.

இந்த நகரிலேயே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950களின் நடுவில் கொலாஜன் புரதத்துக்கு மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தபோது, அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று அதே புரதத்தை ஆராய்ந்த கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். அந்த மறுப்பை ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதமே என்னை ஈர்ப்பது. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கே அவர் திரும்பிப் போனார். அறியப்பட்ட படிகங்களில் அணுக்களிடையே காணும் தொலைவுகளைத் திரட்டினார். பெப்டைடுச் சங்கிலியில் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களை மட்டும் சுழலவிட்டு, அணுக்கள் மோதிக்கொள்ளாத இடங்களைக் குறித்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடத்தில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பரப்பு. அணுவிவரம் தெளிவான புரத அமைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. எந்தப் புரதமும் இந்தப் பரப்புக்குள் வாராது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! பின்னர் வந்த ஆயிரமாயிரம் அமைப்புகள் அந்த எல்லைகளைப் பெரிதும் மதித்தே நடந்தன. பக்கக் கிளை இல்லாத கிளைசின் மட்டும் விரிந்த பரப்பில் உலாவும். அதற்கான காரணமும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. இன்று புதிய புரத அமைப்பொன்றில் பல அமினோ அமிலங்கள் தடைப்பரப்பில் விழுந்தால், முதலில் ஐயத்துக்கு உள்ளாவது அந்த அமைப்புத்தான்.

ஒரு மாதிரி களத்தில் இறங்கும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிரப் பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். கொசுக்களில் 90 விழுக்காடு ஒவ்வொரு நாளும் பிழைத்தால், நூற்றில் 35 அந்தப் பத்து நாளைத் தாண்டும். அது 70 விழுக்காடாகக் குறைந்தால் தாண்டுபவை மூன்றே. முதிர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைப்பதே பெரும்பயன் தரும் என்று மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு வாதிட்டது இந்தக் கணக்கால்தான். வீட்டுச் சுவரில் டிடிடி தெளிப்பதற்கு அது வலுவான அடிப்படை ஆயிற்று. இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளிகள் 17 பேராகக் குறைந்தார்கள். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோரை நோய் மீண்டும் பிடித்தது. கொசுக்களும் மருந்தைத் தாங்கப் பழகின. சமன்பாட்டில் பிழை இல்லை. அதில் மாறாது என்று வைத்திருந்தவை மாறிவிட்டன.

இப்போது ஆழ்கற்றல் முறைகள் வந்துவிட்டன. ஆல்ஃபாஃபோல்டு புரத அமைப்புகளைக் கணிப்பதைப் பார்த்து நானும் வியக்கிறேன். 2024 வேதியியல் நோபல் பரிசில் அதற்கு உரிய பங்கு கிடைத்தது. அதை நாம் நம்புவதற்கு முதன்மைக் காரணம், 1994 முதல் நடந்துவரும் காஸ்ப் போட்டி என்பேன். இன்னும் வெளியிடப்படாத அமைப்புகளை முன்கூட்டியே கணித்து ஒப்படைக்க வேண்டும். விடை பிறகுதான் வெளிவரும். அங்கே விடையைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வழியில்லை. டெங்குவுக்கும் புற்றுநோய்க்கும் அத்தகைய சோதனை மரபு நம்மிடம் எங்கே?

ஆகவே கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரி எந்தத் தரவோடு பொருந்துகிறது என்று காட்டுங்கள். அடுத்து, எந்த அளவீடு வந்தால் இந்த மாதிரியைக் கைவிடுவேன் என்பதையும் அவையில் சொல்லுங்கள். அந்த அளவீட்டை எடுக்கக்கூடிய உயிரியலாளரோ மருத்துவரோ பூச்சியியலாளரோ இதே அரங்கில் அமர்ந்திருக்கக்கூடும். இடைவேளையில் அவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். அமர்வுத் தலைவர்கள் கேள்விகளுக்கு வைத்திருக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டாம். தேவையானால் கட்டுரைக்கான நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.