சிப்பியின் மேல்தோல்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

கிள்ளான் துறைமுகப் பக்கம் போனவர்கள் படகுத்துறைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். நீர் வற்றும்போது வெள்ளையாய், சொரசொரப்பாய் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதன் பெயர் கொட்டலசு. அது கல் அல்ல, உயிருள்ள பிராணி. குஞ்சாக நீந்தி வந்து இடம் தேடும். ஒட்டிவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேயேதான். தூணை விடாது, கப்பலை விடாது. சிப்பியை மட்டும் விடுமா?

விடாதுங்க. ஓட்டின் மேல் நிறைய ஒட்டினால் சிப்பிக்குப் பாரம். திறந்து மூடச் சிரமம். இரையிலும் பங்கு போய்விடும். தூத்துக்குடியில் 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். அப்படிக் கூண்டில் வளரும் முத்துச் சிப்பிகளை அவ்வப்போது சுரண்டிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

ஆனால் சிப்பி சும்மா இருப்பதில்லை. கோலசிலாங்கூர்க் கரையில் எடுக்கிறார்களே கெராங், அது சேற்றில் புதைந்து தப்பிக்கிறது. தூணிலும் கயிற்றிலும் தொங்கும் பச்சைச் சிப்பி எங்கே புதையும்? அதற்கு ஓட்டின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டு. நம் பால்மரத்துக்குப் பட்டை எப்படியோ, அப்படி. பட்டை காயப்பட்ட இடத்தில்தானே பூஞ்சணம் பிடிக்கிறது? இங்கேயும் தோல் தேய்ந்த இடத்தில்தான் கொட்டலசு எளிதாகக் குடியேறுகிறது.

இந்த வகைச் சிப்பிகளின் தோலில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்றிரண்டு பங்கு அளவு! குஞ்சுகளுக்கு அங்கே சரியாகப் பிடி கிடைப்பதில்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வரிகளைப் பிசினில் அச்செடுத்துக் கடலில் இறக்கிப் பார்த்தார்கள். சில வாரங்கள் அந்த அச்சுங்கூட ஒட்டுயிர்களைத் தடுத்தது.

மனிதன் என்ன செய்தான் தெரியுமா? கப்பலின் அடியில் வெள்ளீயம் கலந்த நஞ்சுச் சாயத்தைப் பூசினான். கொட்டலசு செத்தது, நஞ்சு தண்ணீரில் கரைந்தது. 1970களின் கடைசியில் பிரான்ஸ் நாட்டு ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி ஓடுகள் கோணலாய்த் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. சிப்பி வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் தவித்துப் போயின. 1982ல் அந்நாடு சிறு படகுகளுக்கு அச்சாயத்தைத் தடுத்தது. உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான தடை 2001ல் ஒப்பந்தமாகி, 2008ல்தான் நடப்புக்கு வந்தது.

நஞ்சில்லாமலே காக்கும் வழி, தட்டில் நாம் ஒதுக்கிப்போடும் ஓட்டிலேயே இருக்கிறது. அடுத்த தடவை அம்மா பச்சைச் சிப்பி வாங்கினால் ஓட்டை எறியாதீங்க, பிள்ளைகளே! புதிதாய் வளர்ந்த விளிம்பு பளபளக்கும். பழைய கூர்முனை தேய்ந்து வெளுத்திருக்கும். கொட்டலசு எங்கே ஒட்டியிருக்கிறது என்று நீங்களே பார்த்து, ஏட்டில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது.