வீட்டருகே ஒரு மருத்துவக் கல்லூரி: ஆஸ்டியோபதியும் பேராக் மாணவரும்

எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கையால் தொட்டறிந்து, அழுத்தியும் நீவியும் அசைத்தும் உடலைச் சீர்ப்படுத்த முயலும் முறைக்கு ஆஸ்டியோபதி என்று பெயர். இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தபின், அக்கால மருந்துகள்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் திறந்தார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தனர்.

அதன் பிறகு இந்த முறை இரு வழியாகப் பிரிந்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மற்ற மருத்துவக் கல்லூரிகளின் பாடங்களை முழுமையாக ஏற்றுக்கொண்டு, கைச்சிகிச்சையைக் கூடுதல் பாடமாக வைத்துக்கொண்டன. அங்கே டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். 2020 முதல் இரு வகைப் பட்டதாரிகளுக்கும் மேற்பயிற்சி ஒரே அமைப்பின்கீழ் நடக்கிறது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெறும் ஆஸ்டியோபத் கைச்சிகிச்சை மட்டுமே செய்பவர். நாட்பட்ட இடுப்பு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற பல நோய்களுக்கும் இது உதவும் என்று சொல்லப்படுவதற்கு வலுவான சான்று இல்லை.

மலேசியா இரண்டாம் வழியில் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஏழு துறைகளில் ஆஸ்டியோபதியும் ஒன்று. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், இஸ்லாமிய மருத்துவம் ஆகியவை மற்ற ஆறு. மருத்துவராகப் பணியாற்றுவதற்கோ 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு வேண்டும். இரண்டும் வேறு வேறு சட்டங்கள், வேறு வேறு பதிவேடுகள். அமெரிக்க டி.ஓ. பட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஆஸ்டியோபதி படித்த எவரும் எங்கும் டாக்டர்தான் என்று மாணவர் எண்ணிக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. பல ஆண்டு உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் அந்த ஒரு தவறான எண்ணத்தில் கரைந்துவிடக்கூடும்.

டாக்டராக விரும்பும் பேராக் மாணவருக்கு வீட்டருகே இருப்பவை எம்.பி.பி.எஸ். கல்லூரிகளே. ஈப்போவில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் பேராக் அரச மருத்துவக் கல்லூரி உள்ளது. அதன் மாணவர்கள் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில், அதாவது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், பயிற்சி பெறுகிறார்கள். குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகமும் இதே நகரில் இயங்குகிறது. வடக்கே, கெடா மாநிலத்தின் பீடோங்கில், மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அருகில் படிப்பது பேராக் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தோட்ட வரலாறே விடை. 1877இல் கோலகங்சாரில் நட்ட சில ரப்பர் கன்றுகளில் தொடங்கிய தொழில், சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை தமிழர்களை லயங்களில் குடியேற்றியது. காய்ச்சலோ பிரசவமோ, முதலில் பார்த்தவர் தோட்டத்து டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது வந்து போவார். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வேறு நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் சிறுபட்டணங்களுக்கும் இடம்பெயர்ந்தன. அங்கிருந்து ஒரு பிள்ளை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே டாக்டருக்குப் படிக்க முடியும் என்பது, பால்மரம் வெட்டிய தலைமுறை எண்ணிப் பார்த்திராத வாய்ப்பு. தங்குமிடச் செலவு மிச்சமாகும். வகுப்பில் தளர்ந்து போகும் மாதங்களில் பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள். வார்டில் படுத்திருக்கும் வயதான தோட்டத்துப் பாட்டி தன் வலியைத் தமிழிலேயே சொல்ல, அதைப் புரிந்துகொள்ளும் மாணவர் அருகில் நிற்பார். நோயைக் கண்டறிவதில் பாதி நோயாளி சொல்வதைக் கேட்பதுதான் என்பதால், இது சிறிய நன்மை அன்று.

ஆனாலும் அருகாமை ஒன்றை வைத்தே முடிவு செய்துவிட முடியாது. தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். ஐந்தாண்டுப் படிப்பு, செலவு லட்சக்கணக்கான ரிங்கிட். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் செலவு முழுவதையும் ஈடுகட்டும் என்று நம்பிக் கையெழுத்திடக் கூடாது. எஸ்.பி.எம். முடித்தவுடன் நேரே சேரவும் முடியாது, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அசாசி போன்ற ஒன்றைக் கடக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அது தொலைவில் இருந்தாலும் கட்டணம் மிகக் குறைவு என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே நல்ல தேர்வு. பட்டம் பெற்றபின் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சி உண்டு. 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலையில் நாடெங்கும் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். மருத்துவப் பட்டம் இன்று நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் ஆகாது.

கைச்சிகிச்சையிலேயே மனம் உள்ளவருக்கு அதுவும் மதிப்புள்ள தொழில்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட அளவுகோலின்படி, முன்பயிற்சி இல்லாதவர் ஆஸ்டியோபத் ஆக 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் நோயாளிகளிடம் பெறும் பயிற்சியாக இருக்க வேண்டும். சில வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் எதுவும் இந்த அளவை எட்டாது.

டாக்டருக்குப் படிப்பவர், எந்த மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும், பணம் கட்டும் முன் இரண்டு பட்டியல்களைப் பார்த்துவிட வேண்டும். பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்பது ஒன்று. அந்தப் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பது மற்றொன்று. வெளிநாட்டில் படிக்க நினைப்போரும் மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டியல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து, முன்பணம் செலுத்தும் நாளுக்கு முன்பே அவற்றைப் பார்த்துவிடுங்கள்.