எங்கே இருந்து கதைக்கிறீங்க?

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் கவிஞர்களைப் பற்றியும் கதாசிரியர்களைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது கேட்பவர் ஒருவரைப் பற்றி. பொலிசாரின் அவசர இலக்கத்தை நாம் அழைத்ததும் மறுமுனையில் காதைக் கொடுத்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா, அவரைப் பற்றி. பிறருடைய சொல்லைக் கொண்டு ஒரு காட்சியை மனதில் எழுப்பிப் பார்ப்பது வாசகனின் வேலை. அதே வேலையை ஓரிரு நிமிடங்களுக்குள், பிழையில்லாமல், அவர் செய்து முடிக்க வேண்டும். பிழைத்தால் போவது ஓர் உயிர்.

எனது ஊர் கிளிவெட்டி. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயலும் குளமும் சூழ்ந்த கிராமம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகால இரவு. தெருவில் படுத்திருந்த மாட்டில் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்த பையன் ஒருவன் வீசப்பட்டுக் கிடந்தான். அவசர இலக்கம் ஒன்றுக்கு நான்தான் தொலைபேசியெடுத்தேன். அது எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமல்ல. மறுமுனைக் குரல் சிங்களத்தில் கேட்டது. என்னிடமிருந்த சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் வாங்கப் போதும். ஓர் உயிரைக் காக்கப் போதாது. ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "கிளிநொச்சியா?" என்றது குரல். கிளிநொச்சி எங்கே, கிளிவெட்டி எங்கே! இரண்டு பெயருக்கும் முன்னால் ஒரு கிளி இருந்ததால், எங்கள் பையனுக்கு உதவி வேறொரு மாகாணத்தில் தேடப்பட்டது.

தொடர்பு கை மாறிற்று. இப்போது தமிழ்க் குரல், இளம் பெண் ஒருத்தி. "ஐயா, பதறாமச் சொல்லுங்க. எங்கே இருந்து கதைக்கிறீங்க? மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டிதானே? கோயிலுக்கு இங்கால யா, அங்கால யா? மூச்சு விடுறாரா? ஆளைத் தூக்காதீங்க. ஒராளை ரோர்ச் லைற்றோட றோட்டில நிக்கச் சொல்லுங்க." அவள் கேட்கக் கேட்க எனது நடுக்கம் அடங்கிற்று. பிள்ளை பிழைத்துக் கொண்டான். ஒரு கால் மட்டும் இன்றும் சற்று இழுக்கும். அந்த முதற் சில நிமிடங்கள் வீணாகாதிருந்தால் காலும் தப்பியிருக்குமா என்று அவனது தாய் கேட்பதுண்டு. என்னிடம் விடையில்லை.

அவள் முதலில் ஏன் இடத்தைக் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. என்ன நடந்தது என்று சொல்லுமுன் தொடர்பு அறுந்து போகலாம், பேசுபவர் மயங்கலாம். இடம் தெரிந்திருந்தால் யாரையாவது அனுப்பலாம். இடம் தெரியாவிட்டால், மற்றது எல்லாம் தெரிந்தும் பயனில்லை. பெருநகரங்களில் அழைப்பைக் கேட்பவர் ஒருவர், ரோந்து வாகனங்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்பவர் வேறொருவர். முதலாமவர் பிழையாக விளங்கிக்கொண்டால் அந்தப் பிழையே வாகனமேறிப் போகும்.

இந்த ஏற்பாடும் ஒரு துயரத்திலிருந்து பிறந்ததுதான். 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் வீதியில் வீடொன்று தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது தொலைபேசி நிலையத்தில் அவரது அழைப்பு காத்துக் கிடந்தது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 இல் 999 என்ற இலக்கம் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அந்த இலக்கம் அழைக்கப்பட்டால் தொலைபேசி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பானும் அலறும். அமெரிக்காவின் 911 க்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே எங்கள் நாட்டில் பொலிஸ் அவசர இலக்கம் 119. நோயாளர் வண்டிக்கு 1990. இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. எங்கள் பகுதிக்கு இவையெல்லாம் புதுமை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை, நோயாளியைத் திருகோணமலைக்குக் கொண்டுபோவதென்றால் துறைக்குத் துறை பாதையேற வேண்டும். அல்லது மூதூரிலிருந்து லாஞ்சி. இரவில் இரண்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1996 பெப்ரவரி 11 இல் எங்கள் ஊரை அடுத்த குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இருபது ஆண்டுகளின் பின், 2016 இல், குற்றஞ்சாட்டப்பட்ட படையினரை அநுராதபுரம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தப் பின்னேரம் யாரை அழைத்திருக்கலாம்? அவசர இலக்கம் என்பது மூன்று எண்கள் மட்டுமல்ல. கேட்பவன் என் பக்கம் நிற்பான் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் தொலைபேசி இருந்தும் ஊமைதான்.

மொழி அந்த நம்பிக்கையின் முதற்படி. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியென்று சொல்லிவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். நள்ளிரவிலும் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கனடா போனவர்கள் உண்டு. ரொறன்ரோவில் 911 ஐ அழைத்துத் "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொடர்பில் இணைக்கிறார்கள். பல்லாயிரம் மைல் போன பிள்ளைக்குத் தமிழில் கிடைக்கும் செவி, பிறந்த மண்ணில் இருக்கும் தாய்க்கு அன்றைய பணிமுறையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்கலாமா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. கணக்காகவே கேட்கிறேன்.

இத்தொழில் செய்பவர்களுக்கு ஒரு கவலையுண்டு. கதையின் முதற் பக்கம் மட்டுமே அவர்கள் கையில் கிடைக்கும். வண்டி வந்ததும் தொடர்பு முடிந்துவிடும். அடுத்த மணி ஒலிக்கும். பிள்ளை இருந்தானா, இறந்தானா என்று யாரும் திரும்ப அழைத்துச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இரவில் பேசிய பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவள் எங்கேனும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். தங்கச்சி, பையன் இருக்கிறான். சென்ற போகம் தன் கையாலேயே விதைத்தான். கிளிவெட்டியில் இருந்துதான் கதைக்கிறேன்.