இளஞ்சிறாரும் போதைப் பழக்கமும்



வள்ளுவனார் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இன்றோ உதட்டிடுக்கில் ஒளிக்கும் புகையிலைப் பொட்டலமும் கஞ்சாவும் பள்ளிச் சிறாரை நாடி வருகின்றன. சிறார்க்குப் போதைப்பொருள் கொடுப்போர்க்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 7 ஆண்டுவரை சிறை விதிக்கின்றது. ஆயினும் வீட்டினுட் காவல் பெற்றோரே.

பழைய தோழரை நீத்தல், உறக்கமும் ஊணும் மாறுதல், காசு காணாமற் போதல், படிப்பில் நாட்டங் குன்றல்: இவை யாம் கூறும் குறிகள். ஒன்று தனித்து நிற்பின் ஐயுற வேண்டா. பல கூடின் அசட்டை கூடாது.

அடித்தல் பயன்தராது, அமைதியாய் வினவி மருத்துவரிடம் அழைத்தேகுக. 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மணப்பேச்சுக் கெடுமென்று மறைப்போர் பிள்ளையையே இழக்க நேரிடும். அக்குடும்பத்தைத் தூற்றாது துணைநிற்றலே நம் குலத்துக்குப் பெருமையென்பது எம் துணிபு.